பயிர்க் காப்பீடு: ரசீதை நம்புக, தொலைபேசிக் குரலை நம்பற்க

மயிலாடுதுறையில் ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்கு. சம்பா, தாளடி நெல்லுக்குக் காப்பீடு செய்யும் கடைசித் தேதியும் பெரும்பாலான ஆண்டுகளில் அதே சமயத்தில், நவம்பர் 15-ஐ ஒட்டி, வருகிறது. அந்த நாட்களில் குத்தாலம் வட்டாரத்தில் அடங்கல் வாங்க ஒரு கூட்டம், கூட்டுறவு சங்கத்தில் பணம் கட்ட ஒரு கூட்டம், பொதுச் சேவை மையத்தில் பதிவு செய்ய ஒரு கூட்டம். கடைமுழுக்கைத் தவறவிட்டவருக்கு மறுநாள் முடவன் முழுக்கு உண்டு. காப்பீட்டுக்கு அப்படி ஒரு மறுநாள் நிச்சயமில்லை. சில ஆண்டுகளில் அரசு தேதியை நீட்டித்தது உண்டு. அதை நம்பி இருப்பது சரியல்ல.

நெல் விவசாயிக்கு நஷ்டம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று வானத்திலிருந்து வருவது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைந்து சம்பா கருகியது. 2022 நவம்பர் 11-ல் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டிப் பயிர் மூழ்கியது. இதைத் தடுக்க யாராலும் ஆகாது. இன்னொன்று காகிதத்தில் நேரும் தவறாலும், தொலைபேசியில் வரும் மோசடியாலும் ஏற்படுவது. இதை விவசாயியே தடுத்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டியது பெரிய படிப்பு அல்ல, இரண்டு பழக்கங்கள்தாம். பணம் கட்டியதும் ரசீதைப் படித்துப் பார்க்க வேண்டும். நமக்கு வரவேண்டிய பணத்துக்காக எவர் முன்பணம் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

கணக்கு எப்படி?

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் தொடங்கியது. சம்பா நெல்லுக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம். மீதிக் கட்டணத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. உதாரணமாக, ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்றால் விவசாயியின் பங்கு 540 ரூபாய். மூன்று மா உள்ளவர் கட்டவேண்டியது இவ்வளவே. ஒவ்வோர் ஆண்டின் சரியான தொகையை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு அறியலாம்.

இந்தத் திட்டத்தில் தனி வயலின் விளைச்சலைப் பார்ப்பதில்லை. வருவாய்க் கிராமம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடுகிறார்கள். கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்து, ஐந்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் அளந்து, அறுத்து, எடை போடுகிறார்கள். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். அந்தச் சராசரியை, கடந்த 7 ஆண்டுகளில் நன்கு விளைந்த 5 ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு நிர்ணயித்த உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுகிறார்கள்.

உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ, பரிசோதனையில் கிடைத்தது 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குறைவு நாலில் ஒரு பங்கு. 36,000 ரூபாயில் நாலில் ஒரு பங்கான 9,000 ரூபாய் ஏக்கருக்கு இழப்பீடு. கிராமச் சராசரி 2,000 கிலோவைத் தொட்டுவிட்டால், ஒருவர் வயலில் பதர்தான் மிஞ்சியது என்றாலும் மகசூல் இழப்பீடு கிடையாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்த பணம் இந்தப் பக்கத்துக்கு வராததற்குப் பல சமயம் காரணம் இதுவே. ஆகவே, ஊரில் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளைக் கேட்டறிந்து, நாலு விவசாயிகள் உடனிருந்து பார்ப்பது நன்று.

இந்தக் கணக்கு விளங்கியவரை ஏமாற்றுவது கடினம். "நான் சொன்னால் உங்கள் வயலுக்கு மட்டும் தனியாகத் தொகை வாங்கித் தருகிறேன்" என்று எவராவது கமிஷன் கேட்டால், மகசூல் இழப்பீட்டில் அப்படி ஒரு வழியே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

ரசீதில் பார்க்கவேண்டியவை

குத்தாலத்துக் கோயிலில் உறையும் இறைவனுக்குச் சொன்னவாறறிவார் என்று ஒரு பெயர் உண்டு. மனிதர் காரியத்தில் சொன்னவாறு நடந்திருக்கிறதா என்பதைக் காகிதத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ரசீது கைக்கு வந்ததும், அந்த இடத்தை விட்டு நகருமுன், கீழ்க்கண்டவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

வருவாய்க் கிராமத்தின் பெயர் சரியா? ஒரே மாதிரிப் பெயருள்ள கிராமங்கள் டெல்டாவில் நிறைய. கிராமம் மாறினால் கணக்கே மாறிவிடும்.

சர்வே எண்ணும் உட்பிரிவும் அடங்கலில் உள்ளபடி இருக்கின்றனவா?

பரப்பு சரியா? மாக் கணக்கைச் சென்டாகவும், சென்டை ஹெக்டேராகவும் மாற்றும்போது புள்ளி இடம் மாறுவதுண்டு.

பயிரின் பெயரும் பருவமும் சரியாகப் பதிவாகியுள்ளனவா?

வங்கிக் கணக்கு எண் பாஸ் புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா? பெயர் எழுத்து ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா? இழப்பீடு நேரே கணக்கில்தான் சேரும்.

எந்தக் காப்பீட்டு நிறுவனம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம், ஆண்டுக்கு ஆண்டு நிறுவனம் மாறக்கூடும்.

ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு இடங்களில் பதிவு செய்வது கூடாது. சங்கத்தில் கடன் வாங்கியபோது ஒரு முறையும், சேவை மையத்தில் இன்னொரு முறையும் பதிவு செய்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். சேவை மையத்தில் பயிர்க் காப்பீட்டுப் பதிவுக்கு விவசாயி தரவேண்டியது அவர் பங்குக் கட்டணம் மட்டுமே. மையத்துக்கு உரிய கூலியைக் காப்பீட்டு நிறுவனம் தருகிறது.

"சங்கத்தில் பிடித்திருப்பார்கள்"

கடன் வாங்கிய விவசாயிகளிடம் அடிக்கடி காணப்படும் எண்ணம் இது. 2020 காரிஃப் பருவம் வரை பயிர்க்கடன் பெற்றவருக்குக் காப்பீடு கட்டாயமாக இருந்தது. அந்தப் பருவம் முதல் அது விருப்பத்துக்கு விடப்பட்டது. வேண்டாம் என்பவர் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவருக்குக் கட்டணம் பிடிக்கப்படும். பிடித்தார்களா என்பதைக் கேட்டு, கணக்கில் பற்று வைத்திருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பணத்தைப் பிடித்த பின் விவரத்தைத் தவறாக அனுப்பியதாலோ, அனுப்பாமலே விட்டதாலோ இழப்பீடு தவறினால், அதற்கு அந்த வங்கியோ சங்கமோதான் பொறுப்பு என்று திட்ட விதிகள் கூறுகின்றன. ஆனால் பிடித்ததற்கு அத்தாட்சி விவசாயி கையில் இருக்க வேண்டும்.

குத்தகைச் சாகுபடியாளர்

கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குப் பயிரிடுவோர் இந்த வட்டாரத்தில் ஏராளம். குத்தகைதாரரும் வாரதாரரும் காப்பீடு செய்ய உரிமை உடையவர்கள். சாகுபடி செய்பவர் பெயரில் அடங்கல் பெற்றால் போதும். நில உரிமையாளரும் குத்தகைதாரரும் ஒரே வயலுக்குத் தனித்தனியே பதிவு செய்துவிட்டால் சிக்கல் வரும். நடவுக்கு முன்பே இருவரும் பேசி, யார் பெயரில் செய்வது என்று தீர்த்துக்கொள்ள வேண்டும்.

72 மணி நேரம்

மகசூல் குறைவுக்கு விவசாயி தனியே மனுப்போட வேண்டியதில்லை. ஆனால் வயல் அளவில் பார்க்கப்படும் சில சேதங்களுக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அறுத்துப் பரப்பிய கதிர் 14 நாட்களுக்குள் புயல் மழையிலோ பருவம் தப்பிய மழையிலோ நனைந்து கெட்டால், அது இந்த வகையைச் சேர்ந்தது. நெற்பயிர் நீரில் மூழ்குவதை 2018-ல் இந்த வகையிலிருந்து நீக்கியிருந்தார்கள். 2026 காரிஃப் பருவம் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. மாநில அரசின் அறிவிக்கையில் எந்தெந்தச் சேதம் சேர்ந்திருக்கிறது என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தகவல் தர 14447 என்ற எண் இருக்கிறது. இந்த எண்ணுக்கு விவசாயிதான் பேச வேண்டும். அங்கிருந்து பேசுவதாக வேறு எண்ணிலிருந்து எவர் அழைத்தாலும் நம்பக் கூடாது.

நிவாரணமும் இழப்பீடும் ஒன்றல்ல. வெள்ளத்துக்குப் பின் அரசு ஹெக்டேருக்கு இவ்வளவு என்று அறிவிப்பது நிவாரணம். அது காப்பீடு செய்யாதவருக்கும் உண்டு. காப்பீட்டு இழப்பீடு பணம் கட்டியவருக்கு மட்டும் உரியது. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத குழப்பத்தில்தான் தரகர் நுழைகிறார்.

தொலைபேசியில் வரும் தூண்டில்

மழையில் பயிர் போய், இழப்பீடு எப்போது வரும் என்று ஊரே காத்திருக்கும். மோசடிக்காரனுக்கு அதுதான் அறுவடைக் காலம். ஒரு விவசாயிக்கு இப்படி அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"ஐயா வணக்கம். பயிர் இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து பேசுறோம். உங்களுக்கு 27,000 ரூபாய் சாங்ஷன் ஆகியிருக்கு."

"அப்படீங்களா சார்? எப்ப வரும்?"

"இப்பவே வரும் ஐயா. உங்க போனுக்கு ஒரு ஆறு இலக்க நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க, உடனே ஏத்திடறோம்."

"பாஸ் புத்தகத்தை எடுத்துக்கிட்டு நாளைக்குச் சங்கத்துக்கே வரேன் சார்."

"நாளைக்கு வந்தா பணம் திரும்பப் போயிடும் ஐயா. இன்னும் பத்து நிமிஷம்தான் டைம்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மோசடி வெளிப்படுகிறது. பத்து நிமிடத்தில் திரும்பிப் போகும் காப்பீட்டுப் பணம் என்று ஒன்று கிடையாது. அந்த ஆறு இலக்க எண்தான் ஓ.டி.பி. அது கணக்கின் சாவி. சாவியைக் கொடுத்தால் பணம் வராது, போகும். ஐயா என்று மரியாதையாகப் பேசுவதும், நம் பெயர், ஊர், வங்கியின் பெயரைச் சரியாகச் சொல்வதும் அத்தாட்சி ஆகாது. அந்த விவரங்கள் பல இடங்களில் கிடைக்கின்றன.

பி.எம். கிசான் பெயரிலும் இதே வேலை நடக்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000 ரூபாய் வரும் திட்டம் அது. "தவணை நின்றுவிட்டது, இதை அழுத்துங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். அதன் பெயர் ஏ.பி.கே. என்று முடியும். அழுத்தினால் போனுக்குள் ஒரு போலிச் செயலி குடியேறும். பிறகு ஓ.டி.பி.யை நாம் சொல்லவே வேண்டாம், அதுவே படித்துக்கொள்ளும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் அதைத் திறக்கலாகாது. அவருடைய போனையே திருடர்கள் பிடித்திருக்கக்கூடும்.

யு.பி.ஐ. வைத்திருப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பணம் பெற ரகசிய எண் தேவையில்லை. பணம் அனுப்பத்தான் அது தேவை. "பணம் போடுகிறோம், ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்றால் அது நம் பணத்தை எடுக்கும் வேலை.

முகாமிலும் சேவை மையத்திலும் சில பதிவுகளுக்கு ஓ.டி.பி. கேட்பார்கள். விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பதிவு அப்படிப்பட்டது. அதை நேரில், எதற்கு என்று கேட்டு, குறுஞ்செய்தியைப் படித்துப் பார்த்த பின் தரலாம். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும்போதும் அப்படியே. "பதியவில்லை, மறுபடி வையுங்கள்" என்றால், கணக்கில் எவ்வளவு பற்று வைத்தார்கள் என்பதற்குச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

தாளை இடைத்தரகரிடம் கொடுப்பதும் ஆபத்து. 2020-ல் தமிழ்நாட்டில் பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியற்றோர் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போனது வெளிப்பட்டது. அலுவலகத்துக்குரிய ரகசியக் குறியீட்டை வைத்துத் தரகர்கள் பதிவு செய்திருந்தனர். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. பணம் பெற்றவர்களிடமிருந்து அது திரும்ப வசூலிக்கப்பட்டது. ஆதார் நகலையும் பாஸ் புத்தக நகலையும் கொடுத்துவிட்டு, "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்த பலர் அதில் அகப்பட்டனர்.

ஆயுள் காப்பீட்டில் நடக்கும் வஞ்சனை

"உங்கள் பழைய பாலிசியில் போனஸ் நிற்கிறது, ஏஜெண்டின் கமிஷனையும் உங்களுக்கே தருகிறோம், அதற்குப் புதிதாக ஒரு பாலிசி எடுங்கள்" என்று, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள அந்த ஆணையம் பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை, எவரிடமும் பிரிமியம் வாங்கி முதலீடு செய்வதில்லை. இதை ஆணையமே பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. பிரிமியத்தில் தள்ளுபடி தருவதாகச் சொல்லிப் பாலிசி எடுக்கத் தூண்டுவது 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டப்படி குற்றம்.

இன்னொரு வகை, "ஒரே தடவை கட்டினால் போதும்" என்று சொல்லி, ஆண்டுதோறும் கட்டவேண்டிய பாலிசியைத் தலையில் கட்டுவது. நெல் விற்ற பணம் கையில் இருக்கும்போதுதான் இது நடக்கும். அடுத்த ஆண்டு மகசூல் இல்லாமல் கட்டமுடியாதபோது, போட்ட பணம் சுருங்கிவிடும். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்ததும், பிரிமியம் எத்தனை ஆண்டு, தொகை எவ்வளவு, வாரிசுதாரர் யார் என்று படித்தவரைக் கொண்டாவது படித்துப் பார்க்க வேண்டும். சொன்னதற்கு மாறாக இருந்தால், பத்திரம் கிடைத்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். சிறு கழிவுகள் போக மீதி வரும். 2024 ஏப்ரல் முதல் உள்ள விதி இது.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடக் கூடாது. சர்க்கரை நோயையோ இருதய நோயையோ ஏஜெண்டு மறைத்து எழுதினால், பின்னால் குடும்பத்துக்கு மறுக்கப்படுவது அந்தக் காரணத்தால்தான். பாலிசி 3 ஆண்டு நிறைந்துவிட்டால் அப்படிக் காரணம் காட்டி மறுக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

கடன் தரும் இடத்தில், "பாலிசி எடுத்தால்தான் கடன்" என்று ஆயுள் காப்பீட்டைச் சேர்த்துத் தருவதுண்டு. கேட்காத பாலிசிக்குப் பணம் பிடித்திருந்தால் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம்.

பாஸ் புத்தகத்தில் 436-ம் 20-ம்

மோசடி அல்லாத, ஆனால் குடும்பங்கள் அறியாமல் இழக்கும் பணம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில் வங்கிக் கணக்கில் 436 ரூபாயோ 20 ரூபாயோ பற்று வைத்திருப்பார்கள். 436 ரூபாய் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு. 20 ரூபாய் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு. முன்னதில் எந்தக் காரணத்தால் இறந்தாலும், பின்னதில் விபத்தில் இறந்தாலும், 2 லட்சம் ரூபாய் வாரிசுதாரருக்கு உண்டு. வீட்டில் ஒருவர் இறந்தால் முதலில் அவருடைய பாஸ் புத்தகத்தில் இந்தப் பற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வங்கிக் கிளையில் காலதாமதமின்றி விண்ணப்பிக்க வேண்டும். இதற்குத் தரகர் வேண்டியதில்லை, செலவும் இல்லை.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய நஷ்டம். மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான், ஊர் சிரிக்கும் என்று இரண்டு நாள் கழித்துச் சொல்வதற்குள் பணம் பல கணக்குகள் மாறிவிடும். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். நாடு முழுவதற்கும் உள்ள இணையக் குற்றப் புகார் எண் இது. சீக்கிரம் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. அடுத்து வங்கிக்குச் சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு விதிப்படி, ஓ.டி.பி.யை நாமே சொன்ன தவறு இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பின் போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. தெரிவித்த நேரம் அதனால் முக்கியம். பிறகு மாவட்ட சைபர் குற்றக் காவல் பிரிவில் எழுத்து மூலம் புகார் தரலாம்.

எங்கே முறையிடுவது?

பயிர்க் காப்பீட்டுக் குறைகளுக்கு 14447. அங்கே தீராவிட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள குறைதீர்ப்புக் குழு. மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். மனுவுடன் ரசீது, அடங்கல், பாஸ் புத்தகப் பக்கம் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க வேண்டும்.

ஆயுள், விபத்து, மருத்துவக் காப்பீடுகளில் முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு ஓராண்டுக்குள் எழுதலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆணையத்தின் புகார் எண் 155255.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருக்கிறது. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் அங்கு வழக்குக் கட்டணம் கிடையாது. குறை நேர்ந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

விவசாயி நுகர்வோர் ஆவாரா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. கர்நாடகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் விவசாயிகள் விளைபொருளை வைத்து, அதன் பேரில் வங்கிக் கடன் பெற்றிருந்தனர். 2014 ஜனவரியில் கிடங்கு தீப்பற்றியது. பாலிசி கிடங்கின் பெயரில் இருந்ததால், விவசாயிகள் எங்கள் நுகர்வோர் அல்லர் என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட்டது. பாலிசியின் பலன் விவசாயிகளுக்கும் உரியது, ஆகவே அவர்களும் நுகர்வோரே என்று 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெட்டுப்போன விதை விஷயத்தில் 2012-லேயே இதே போன்ற தீர்ப்பு வந்திருக்கிறது.

இத்தனை கதவுகளும் காகிதம் வைத்திருப்பவருக்கே திறக்கின்றன. பட்டா, சிட்டா வைக்கும் பெட்டியிலேயே காப்பீட்டு ரசீதுகளையும் ஆண்டுவாரியாக அடுக்கி வைக்க வேண்டும். அந்தப் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் 14447, 1930 என்ற இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டால், வீட்டில் உள்ள பெண்களும் பிள்ளைகளும் வேண்டிய நேரத்தில் உடனே பேச முடியும்.